குவார்ட்ஸைட் குளிர்காலம்: டிரெய்லரை இழுத்துப் போகும் முன் இடம் பார்ப்பது எப்படி?

சக்கரவீடு:

வணக்கம். 29 அடி டிராவல் டிரெய்லர், இழுக்க முக்கால் டன் பிக்கப். எங்களுக்கு வீடே அதுதான். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை அரிசோனாவில் குவார்ட்ஸைட் பக்கம் தங்க உத்தேசம். இரண்டு பேர். ஒருவருக்கு வாரநாட்களில் வீடியோ மீட்டிங்கோடு வேலை. கூரையில் படுக்கையாக 400 வாட் சோலார், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, சின்ன ஜெனரேட்டர் ஒன்று.

முதலில் ஏதாவது ஆர்வி பார்க்கில் (வண்டிவீடுகள் வாடகைக்கு நிற்கும் இடம்) டிரெய்லரை நிறுத்திவிட்டு, பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இடம் பார்க்கலாம் என்றிருக்கிறோம். போய் நின்று எதையெல்லாம் பார்க்க வேண்டும்? அரசு நிலத்தில் தங்க நீண்டகால பர்மிட் எடுப்பதா, இலவச 14 நாள் இடங்களே போதுமா? காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும்படி எந்தெந்த இடங்களைச் சேர்த்துப் பார்க்கலாம்?

---

மணல்மேடு:

டிரெய்லரை விட்டுவிட்டுப் போவதுதான் சரி. ஆனால் ஒரு எச்சரிக்கை: பிக்கப் போகிற வழியெல்லாம் டிரெய்லர் போகாது. பிக்கப் 4x4 (நான்கு சக்கர இயக்கம்) போட்டுத் தாண்டிவிடும் பள்ளத்தில் டிரெய்லரின் கழிவுக் குழாய் தரையில் உரசிப் பிய்ந்துவிடும். கிளம்பும் முன் டிரெய்லரின் அடியில் படுத்து, தரைக்கு மிக அருகில் தொங்குவது எது என்று பாருங்கள். பெரும்பாலும் கழிவைத் திறந்துவிடும் டம்ப் வால்வோ பின்பக்கக் குழாயோதான். அந்த உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பாதை வறண்ட ஓடைக்குள் இறங்கி ஏறும் ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் பாருங்கள். முன்சக்கரம் மேடேறும்போது டிரெய்லரின் பின்புறம் இன்னும் பள்ளத்தில் இருக்கும், அங்கேதான் அடிபடும். 4x4-ஐப் போடாமல் ஓட்டிப் பாருங்கள். அது இல்லாமல் திணறுகிற இடத்துக்கு டிரெய்லரைக் கொண்டுபோக வேண்டாம்.

தரை: கரும்பழுப்புக் கூழாங்கல் நெருக்கமாகப் பதிந்து இறுகிய தரைதான் நல்லது. குதிகாலால் ஓங்கி மிதித்தால் தடம் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. வாஷ் என்கிற வறண்ட ஓடையில் மணல் மெத்தென்று இருக்கும், மர நிழலும் இருக்கும், ஆனாலும் நிறுத்தாதீர்கள். வெள்ளம் வர உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை, தூரத்து மலையில் பெய்தாலே போதும். கரையோரப் புதர்களில் சுள்ளியும் குப்பையும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். போன வெள்ளத்தின் மட்டம் அதுதான்.

சாய்வு: போனில் லெவல் ஆப் போதும். பக்கவாட்டில் சக்கரங்களுக்கு இடையே சுமார் 7 அடி என்றால், ஒரு டிகிரிச் சாய்வுக்கு ஒன்றரை அங்குலக் கட்டை வேண்டும். 3 டிகிரிக்கு நாலரை அங்குலம். அதற்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். முன்பின் சாய்வை ஜாக் பார்த்துக்கொள்ளும், பக்கவாட்டுக்குக் கட்டை ஒன்றுதான் வழி. கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் என்றால் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். மீறினால் அம்மோனியா ஓட்டம் தடைப்பட்டு, குளிரூட்டும் பகுதியே போய்விடும்.

வெயில்: இடம் பார்க்கிறவர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியனே 33 டிகிரி உயரம்தான். மறைவது நேர் மேற்கில் அல்ல, மேற்கிலிருந்து 28 டிகிரி தெற்கே தள்ளி. இடத்தில் நின்று திசைகாட்டியில் 240 டிகிரி பக்கம் பாருங்கள். கையை நேராக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் உயரம் ஏறக்குறைய 10 டிகிரி. அந்தத் திசையில் மலை ஒரு முஷ்டி உயரம் நின்றால், மாலை வெயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போயிற்று. காலைக்கு 120 டிகிரி பக்கம் இதே கணக்கு. மலையடிவாரம் படத்துக்கு அழகாக இருக்கும், பேட்டரிக்கு ஆகாது.

படுக்கைவாட்டு 400 வாட் பேனல் டிசம்பரில் நாளுக்கு ஒரு கிலோவாட்-அவர் கொடுத்தால் பெரிது. 55 டிகிரிக்குத் தெற்கு நோக்கிச் சாய்த்தால் ஒன்றரைக்கு மேல் வரும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் 50 வாட் என்று வைத்தாலே 24 மணி நேரத்துக்கு 1.2 கிலோவாட்-அவர். வேலை நேரத்துக்கு மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் பேனலைச் சாய்க்கும் கால்களை வாங்குங்கள்.

நிறுத்தும் திசை: வண்டி முகம் கிழக்கே பார்த்தால் வாசலும் ஆனிங் என்கிற விரிக்கும் பந்தலும் உள்ள வலப்பக்கம் தெற்கே அமையும். பகலில் வெயில், வடகாற்றுக்கு வண்டியே மறைப்பு. ஆனிங்கை மட்டும் விரித்தபடி விட்டுவிட்டு ஊர்சுற்றப் போகாதீர்கள். அங்கே காற்று சொல்லிக்கொண்டு வராது.

---

ஓடைக்கரை:

பர்மிட் பற்றி. பிஎல்எம் (அமெரிக்க அரசின் நில நிர்வாக அமைப்பு) நடத்தும் நீண்டகாலத் தங்குமிடங்களில் சீசன் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. முழு சீசனுக்கு 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர். கட்டும் முன் இந்த ஆண்டுக் கட்டணத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே உள்ள லா போசாவில் தண்ணீர், டம்ப் (கழிவு கொட்டும் இடம்), குப்பைத் தொட்டி எல்லாம் இதற்குள் அடக்கம். அதே பர்மிட்டை வைத்துக்கொண்டு யூமா பக்கம் இம்பீரியல் டேமுக்கும் மாறலாம்.

ஊரைச் சுற்றி டோம் ராக், பிளமோசா ரோடு, ஸ்கேடன் வாஷ், ஹை ஜாலி எல்லாம் இலவசம். ஆனால் 28 நாளில் 14 நாள்தான். பிறகு 25 மைலுக்கு அப்பால் போய்விட வேண்டும். அங்கே தண்ணீரும் டம்ப்பும் கிடையாது, ஒவ்வொரு முறையும் ஊருக்குள் காசு கொடுத்துத்தான். மூன்று மாதம், அதிலும் வேலை நாளில் இடம் மாற்றுவது தலைவலி என்பவர்களுக்கு 180 டாலர் பர்மிட்தான் மலிவு. இலவசத்தில்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் டம்ப்புக்கும் டீசலுக்கும் அதைவிட அதிகம் செலவழித்திருப்பார்கள்.

ஜனவரி பிற்பாதியில் ஆர்வி கண்காட்சி. ஊரே நெரியும், டம்ப் வரிசை நீளும், செல்போன் டேட்டா தவழும். அதனால் டிசம்பரில் எடுத்த ஸ்பீட் டெஸ்டை நம்பாதீர்கள். ஸ்டார்லிங்க் என்றால் வடக்கு வானம் திறந்திருக்கிறதா பாருங்கள். அயர்ன்வுட் மரத்தின் கீழ் போட்டால் மீட்டிங் நடுவில் அறுந்து அறுந்து போகும்.

---

சக்கரவீடு:

இருவருக்கும் நன்றி. முஷ்டிக் கணக்கு தெரியாது, குறித்துக்கொண்டேன். டேங்க் அளவு சொல்லவில்லையே: நல்ல தண்ணீர் 40 கேலன், கிரே (குளியல், சமையல் கழிவுநீர்) 40, பிளாக் (கழிப்பறைக் கழிவு) 30. 30 பவுண்டு கேஸ் சிலிண்டர் இரண்டு. இதற்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை நகர வேண்டியிருக்கும்? சமையல் நம் சமையல்தான்.

---

மணல்மேடு:

முதலில் தீர்வது நல்ல தண்ணீர். இருவர் சிக்கனமாக நாளுக்கு 6 கேலன் என்றால் ஆறு நாள். டிரெய்லரை நகர்த்தாதீர்கள். பிக்கப் பின்னால் 40 கேலன் கொள்கிற தண்ணீர்ப் பை, ஒரு 12 வோல்ட் பம்ப், குழாய், அவ்வளவுதான். தண்ணீர் கேலனுக்கு 8.3 பவுண்டு, ஆக 330 பவுண்டு. பையைக் கட்டி வையுங்கள், பிரேக் அடித்தால் சரியும். கழிவுக்கு 30 கேலனுக்கு உட்பட்ட சக்கரம் வைத்த போர்ட்டபிள் டேங்க். நிரம்பிய டேங்கைத் தூக்க முடியாது, பிக்கப் கொக்கியில் மாட்டி நடை வேகத்தில் இழுக்க வேண்டும். பிளாக் டேங்கை ஒரே மூச்சில் திறந்துவிடாதீர்கள். போர்ட்டபிள் எவ்வளவு கொள்ளும் என்று பார்த்துப் பார்த்து வால்வை மூடுங்கள்.

நம் சமையலில் வில்லன் எண்ணெய்தான். தாளித்த சட்டியைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துவிடுங்கள். கிரே டேங்கில் கொழுப்பு படிந்தால் அளவு காட்டும் சென்சார் எப்போதும் 'நிறைவு' என்றே காட்டும், குளிரில் நாற்றம் தெரியாமல் இருந்து மார்ச் வெயிலில் தெரியும். அரிசி களைந்த தண்ணீரும் டேங்குக்குள்தான். வெளியே ஊற்றினால் விதிமீறல்.

கேஸ்: 30 பவுண்டில் 7 கேலன். 30,000 பிடியு (வெப்ப அளவு) ஹீட்டர் தொடர்ந்து ஓடினால் ஒரு கேலன் மூன்று மணி நேரம். ஜனவரி இரவு 40 பாரன்ஹீட் ஒட்டி இறங்கும். பத்து மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓடினாலும் இரவுக்கு ஒரு கேலன், ஆக ஒரு சிலிண்டர் ஒரு வாரம். ஹீட்டரின் விசிறியும் ஓர் இரவுக்குப் பேட்டரியில் 20–25 ஆம்பியர்-அவர் தின்னும்.

இன்னும் உயரத்தில் இடம் தேடினால் 1,000 அடிக்கு 3.5 டிகிரி பாரன்ஹீட் குறையும். குவார்ட்ஸைட் 900 அடிக்கும் கீழே. 3,000 அடிக்கு மேல் உள்ள கேம்ப்கிரவுண்டுகளை அக்டோபரிலோ ஏப்ரலிலோ வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியில் அங்கே தண்ணீர்க் குழாய் உறையக்கூடும்.

---

பின்கண்ணாடி:

பகல் பயணங்களைப் பற்றி. டிசம்பரில் குவார்ட்ஸைட்டில் ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கும். ஆற்றைத் தாண்டி கலிபோர்னியா போனால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் பின்னே, அங்கே நாலரை. ஒரு திசைக்கு 80 மைலுக்கு மேல் திட்டமிட்டால் இடம் பார்க்க நேரம் மிஞ்சாது.

தெற்கே: யூஎஸ் 95 நெடுஞ்சாலையில் சுமார் 18 மைல், பிறகு 7 மைல் கற்பாதை, கோஃபா வனவிலங்குப் புகலிடத்தின் பாம் கேன்யன். மலைப் பிளவில் இயற்கையாக வளர்ந்த விசிறிப் பனைகள். பிளவு குறுகல், நண்பகலை ஒட்டித்தான் வெயில் விழும், 11 மணிக்குப் போய்ச் சேருங்கள். அரை மைல் ஏற்றம், பிடிமானமுள்ள காலணி வேண்டும். கோஃபாவில் 12 மாதத்துக்கு 14 நாள் இலவசமாகத் தங்கலாம், வண்டி பாதையிலிருந்து 100 அடிக்குள் நிற்க வேண்டும். போகும்போதே பாதையோர இடங்களைப் பார்த்து வையுங்கள்.

யூமாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் இம்பீரியல் டேம் பகுதி, பிறகு மிட்ரி ஏரி, பிற்பகலில் யூமாவில் சாமான். 1876 முதல் 1909 வரை இயங்கிய பழைய சிறைச்சாலையும் அங்கேதான், நேரமிருந்தால். திரும்பி வடக்கே வரும்போது யூஎஸ் 95-ல் எல்லைக் காவல் சோதனைச் சாவடி. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் கிரீன் கார்டையோ, பாஸ்போர்ட்டையும் ஐ-94 நுழைவுப் பதிவையுமோ கையோடு வைத்திருங்கள். 'டிரெய்லரில் இருக்கிறது' என்றால் வேலைக்காகாது. பல் வைத்தியத்துக்கு எல்லோரும் போகும் லாஸ் அல்கடோனஸ் யூமாவிலிருந்து பக்கம்தான், ஆனால் அது மெக்சிகோ. அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் எல்லை தாண்ட வேண்டாம்.

மேற்கே கலிபோர்னியாவின் பிளைத் 20 மைல். பெட்ரோல், டீசலை அரிசோனாவிலேயே நிரப்புங்கள். ஐ-10 நெடுஞ்சாலையில் கலிபோர்னியா வேளாண் சோதனை உண்டு. நம்மவர்கள் கவனிக்க: கறிவேப்பிலைத் தொட்டியை டிரெய்லரில் வைத்துக்கொண்டு அதைத் தாண்டப் பார்க்காதீர்கள். அதுவும் எலுமிச்சைக் குடும்பம். மரங்களைக் கொல்லும் கிரீனிங் நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும்.

வடக்கே பார்க்கர் 35 மைல், கொலராடோ ஆற்றங்கரை. மாநிலப் பூங்கா கேம்ப்கிரவுண்டுகளைக் காலை 11-க்கும் மதியம் 1-க்கும் நடுவே போய்ப் பாருங்கள். பழைய ஆட்கள் கிளம்பியிருப்பார்கள், புதியவர்கள் வந்திருக்க மாட்டார்கள், காலி இடத்தில் இறங்கி டேப் வைத்து அளக்கலாம். 'நீளம் 35 அடி' என்று பலகையில் இருந்தாலும், பின்னால் கம்பமும் பக்கத்தில் மரக்கிளையும் இருந்தால் ஸ்லைடு (வெளியே நீளும் பக்க அறை) திறக்காது. மின்கம்பம் எந்தப் பக்கம் என்பதையும் இடத்தின் எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். பிடித்த இடங்களை ஜிபிஎஸ் புள்ளியோடு, உள்ளே போன வழி, வெளியே வந்த வழி இரண்டையும் பதிவு செய்து வையுங்கள். 100 அடி அகலத்தில் வெற்றுத் தரை இருந்தால் டிரெய்லரோடு பின்னோக்காமல் வட்டமடித்துத் திரும்பலாம், அந்த இடத்தையும் தனியாகக் குறியுங்கள்.

திரும்பி வந்த இரவு பிக்கப் பானெட்டைத் திறந்தே விடுங்கள். சூடான எஞ்சினில் பேக்ராட் எலி கூடு கட்டி ஒயரைக் கடிக்கும், வெளிச்சமும் குளிரும் பட்டால் அவ்வளவு சீக்கிரம் வராது.