என்ஜின் உள்சுற்றுத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது: மருந்து வேண்டுமா, நல்ல தண்ணீரே போதுமா?

உப்புக்காற்று:
படகில் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின். உள்சுற்றில் சுமார் 100 லிட்டர் நல்ல தண்ணீர் ஓடுகிறது, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அதைக் கடல்நீர் குளிர்விக்கிறது. இரண்டு வருடம் முன்பு துரு பிடிக்காமல் காக்கும் நைட்ரைட் மருந்து ஊற்றினேன். அதற்கப்புறம் மட்டம் குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீர்தான். நேற்று எக்ஸ்பான்ஷன் டேங்க் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் தொட்டி) மூடியைத் திறந்தால் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருக்கிறது, அடியில் விரலை விட்டால் நறநறவென்று துரு. மற்ற உலோகங்களுக்குப் பதில் தான் கரைவதற்காகக் கடல்நீர்ப் பக்கத்தில் மாட்டும் ஜிங்க் (துத்தநாக) பென்சிலையும் கழற்றிப் பார்த்தேன். மாட்டி ஆறு மாதம் ஆகியும் கரையவே இல்லை. உள்சுற்றிலும் ஒரு ஜிங்க் போடு என்கிறார் ஒருவர். மருந்தே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

எண்ணெய்க்கை:
மருந்து வேண்டாம் என்றவர் பக்கம்தான் நானும். என்ஜின் ரூமில் பல வருடம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன். உள்சுற்று மூடிய சுற்று. தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இரும்பு கொஞ்ச நாளில் தின்று தீர்த்துவிடும், அதோடு துருவும் நின்றுவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், கசிவை அடையுங்கள், அவ்வளவுதான். கவனம் போக வேண்டியது கடல்நீர்ப் பக்கம். எக்ஸ்சேஞ்சரைத் தின்பதும், பைப்பைத் தின்பதும், எக்ஸாஸ்ட் எல்போவைத் தின்பதும் அதுதான்.

தெளிநீர்:
அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதை அப்படியே விட முடியாது. மூடிய சுற்று என்கிறீர்கள், எக்ஸ்பான்ஷன் டேங்க் காற்றைப் பார்த்துத்தானே இருக்கிறது? ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது. இவர் இரண்டு வருடமாக ஊற்றிக்கொண்டே இருக்கிறார். துரு எப்படி நிற்கும்?

அதைவிடப் பெரிய விஷயம் லைனர், அதாவது பிஸ்டன் உள்ளே ஓடும் சிலிண்டர் உறை. அதன் வெளிப்பக்கம் உள்சுற்றுத் தண்ணீர். பிஸ்டன் ஒவ்வொரு முறை பக்கவாட்டில் அடிக்கும்போதும் லைனர் அதிர்கிறது. வெளிச்சுவரில் நீராவிக் குமிழ்கள் உண்டாகி உடைகின்றன. உடையும் வேகத்தில் இரும்பைக் கொத்துகின்றன. ஆக்சிஜன் துளியும் இல்லாவிட்டாலும் இது நடக்கும். கழற்றிய ஒரு லைனரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் அடிக்கும் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கரையான் அரித்த மரம் மாதிரி ஒரு வரிசைக் குழிகள், அதில் ஒன்று உள்வரை போயிருந்தது. மற்றப் பக்கமெல்லாம் வழவழவென்று இருந்தது. நைட்ரைட் உண்டாக்கும் படலம் இருந்திருந்தால் அந்த அடியில் பெரும்பகுதியைத் தாங்கியிருக்கும்.

உப்புக்காற்று, உங்கள் நிலைமை மருந்தே போடாதவரை விட மோசம். நைட்ரைட் இரும்பின் மேல் மெல்லிய படலம் போட்டுக் காக்கும். அளவு குறைந்தால் படலம் அங்கங்கே விட்டுப்போகும். அப்போது அரிப்பு முழுவதும் அந்தச் சின்ன இடங்களில் குவிந்து ஆழமாகத் தோண்டும். அரைகுறை மருந்து துருவைக் குறைக்காது, குழியாக மாற்றிவிடும்.

எண்ணெய்க்கை:
நீங்கள் சொன்னதையே திருப்பிக் கேட்கிறேன் தம்பி. அரைகுறை மருந்து குழி தோண்டும் என்றால், அளவு பார்க்கத் தெரியாதவர் கையில் மருந்தைக் கொடுப்பது சரியா? படகு வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் டெஸ்ட் செய்கிறார்கள்? வெறும் தண்ணீரில் துரு பரவலாகப் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியும். குழி தெரியாது. மருந்தைக் கூட்டி காரத்தன்மை ஏறிவிட்டால் அலுமினியம் பாகங்கள் கரையும், அதையும் பார்த்திருக்கிறேன்.

தெளிநீர்:
நியாயமான கேள்வி. மருந்து போடுகிறவன் டெஸ்ட் செய்தே ஆக வேண்டும். செய்ய மாட்டேன் என்பவருக்கு மருந்து வேண்டாம் என்று நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டெஸ்ட் ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஐந்து நிமிடம்தான். நைட்ரைட் பெரும்பாலான மருந்துகளில் 1000 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 1000 மில்லிகிராம்) மேல் நிற்க வேண்டும், சரியான எல்லை மருந்து டப்பாவிலேயே இருக்கும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 8.5 முதல் 10 வரை. அலுமினியம் இருந்தால் 9-ஐத் தாண்ட விடாதீர்கள், அங்கே அண்ணன் சொன்னது சரி. குளோரைடு 50 பிபிஎம்முக்குள்.

இந்த மூன்று எண்களும் சேர்ந்து நோயையும் சொல்லும். நைட்ரைட் மட்டும் இறங்கி பிஎச் அப்படியே இருந்தால் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றியிருக்கலாம். பிஎச் விழுந்தால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த புகை உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும். குளோரைடு ஏறினால் கடல் உள்ளே வருகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு உண்டு. உங்கள் 100 லிட்டரில் அரை லிட்டர் கலந்தாலே 95 பிபிஎம். நாக்கில் வைத்தால் உப்பே தெரியாது, டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் தெரிந்துவிடும்.

நங்கூரம்:
உள்சுற்றில் ஜிங்க் போடச் சொன்னவரின் பேச்சை விட்டுவிடுங்கள். சூடான நல்ல தண்ணீரில், சுமார் 60 டிகிரிக்கு மேல், ஜிங்க்கும் இரும்பும் இடம் மாறிக்கொள்ளக்கூடும். ஜிங்க்கைக் காக்க இரும்பு கரையும். ஜிங்க் கடல்நீர்ப் பக்கத்துக்கு மட்டும்தான்.

என் கட்சி வேறு. நான் நைட்ரைட்டிலிருந்து கார்பாக்சிலேட் (கரிம அமில உப்பு) வகை கூலன்டுக்கு மாறிவிட்டேன். அது மெதுவாகத் தீரும், அடிக்கடி சேர்க்க வேண்டியதில்லை. என்ஜின் தயாரித்தவர் அனுமதித்த வகையா என்று பார்த்து, பழையதைச் சுத்தமாகக் கழுவிவிட்டு மாற்றுங்கள். இரண்டையும் கலந்தால் இரண்டின் பலமும் கெடும்.

எண்ணெய்க்கை:
ஜிங்க் கரையாததை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முதல் கவலை. கடல்நீரில் ஆறு மாதம் கிடந்த ஜிங்க் புதிது போல் இருந்தால், அரிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. அது வேலையே செய்யவில்லை. அது கரையாவிட்டால் வேறு ஏதோ கரைகிறது. உப்புக்காற்று, திருகில் வெள்ளை டேப் சுற்றினீர்களா? அது உலோகத் தொடர்பைக் கெடுக்கும். டேப்பை எடுத்து, மரையைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் உடைந்து விழுந்து, எக்ஸ்சேஞ்சருக்குள் கடல்நீர் ஓடும் மெல்லிய டியூபை அடைக்கும்.

எக்ஸ்சேஞ்சரின் இரண்டு மூடிகளையும் கழற்றுங்கள். பழைய இம்பெல்லரின் (கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்) துண்டு டியூப் வாயில் சிக்கியிருந்தால், அதைச் சுற்றித் தண்ணீர் சீறிப் பாய்ந்து செம்பு-நிக்கலையும் தேய்த்துவிடும். படகை நிறுத்தி வைக்கும் நாட்களில் கடல்நீரை உள்ளே தேங்க விடாதீர்கள். உள்ளே மாட்டிய உயிரினங்கள் செத்து அழுகி வரும் சல்பைடு டியூபைக் கெடுக்கும். நல்ல தண்ணீரால் கழுவி வடித்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

உப்புக்காற்று:
எல்லோருக்கும் நன்றி. இன்று முழுக்க இதே வேலை. நைட்ரைட் 300, பிஎச் 7.8, குளோரைடு 190. நான் ஊற்றிய குழாய்த் தண்ணீரையும் பார்த்தேன், அதில் குளோரைடு 30தான்.

ஜிங்க் திருகில் டேப் இருந்தது, நான்தான் சுற்றினேன். மூடியைக் கழற்றியதும் கடல்நீர் நுழையும் முனையில் கறுப்பு ரப்பர் துண்டு ஒன்று இரண்டு டியூப் வாயை மறித்துக் கிடந்தது. உள்சுற்றைக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி டார்ச் அடித்துக் காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் அந்த ரப்பருக்குப் பக்கத்து டியூபில் முத்து மாதிரி ஒரு சொட்டு திரண்டது. துடைத்தேன், மறுபடி திரண்டது.

தெளிநீர்:
190 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. அண்ணன் கடல்நீர்ப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னது முழுக்கச் சரி, நான் ஜிங்க்கைக் கவனித்திருக்க வேண்டும். இப்போதைக்கு அந்த டியூபின் இரண்டு முனையையும் அடைத்து ஓட்டலாம். ஆனால் பக்கத்து டியூபுகளும் மெலிந்திருக்கும், புது டியூப் கட்டுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். உள்சுற்றைத் துரு நீக்கும் திரவத்தால் கழுவி, வடிக்கும் தண்ணீர் தெளிந்த பிறகு மருந்து போடுங்கள். துருவோடு போட்டால் மருந்தைத் துருவே தின்றுவிடும்.

எண்ணெய்க்கை:
டிஸ்டில்டு வாட்டரே போதும் என்ற என் கருத்தை லைனர் விஷயத்தில் மட்டும் மாற்றிக்கொள்கிறேன். மற்றபடி, கசிவு இருக்கும்வரை மருந்து ஊற்றுவது கடலுக்கு ஊற்றுவதுதான், அதில் மாற்றமில்லை. உப்புக்காற்று, இனி மட்டம் குறைந்தால் ஆவியாகிக் குறைந்ததா, கசிந்து குறைந்ததா என்று முதலில் பாருங்கள். ஆவியானால் மருந்து உள்ளேயே இருக்கும், வெறும் டிஸ்டில்டு வாட்டர் போதும். கசிந்தால் மருந்தும் சேர்ந்து போயிருக்கும்.

உப்புக்காற்று:
டியூபை அடைத்துவிட்டேன். கழுவும் வேலை நாளை காலை. மருந்து போட்டு ஒரு நாள் ஓட்டிவிட்டு மூன்று எண்களையும் இங்கே போடுகிறேன்.