அச்சுக்கட்டையும் ஆற்றுநீரும்: மரஅச்சுத் துணி உருவாவதை நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

சென்ற வைகாசியில் குஜராத்தின் கச்சுப் பகுதியில், புஜ் நகருக்கு அருகிலுள்ள அஜ்ரக்பூரில், அஜ்ரக் என்னும் மரஅச்சுத் துணியைத் தலைமுறைகளாகச் செய்துவரும் கத்ரி சமூகத்துக் குடும்பம் ஒன்றின் அச்சுக்கூடத்தில் ஒரு பகல் முழுவதும் இருக்க வாய்த்தது. அச்சிடுவதைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அதிக நேரம் பார்த்தது துணி அலசுவதைத்தான். நெசவுக் கஞ்சியைப் போக்க ஒரு முறை, ஆமணக்கெண்ணெயில் ஊறவைத்த பின் ஒரு முறை, வெண்ணிறம் காக்க இட்ட சுண்ணாம்புப் பிசினை நீக்க ஒரு முறை, நீலச் சாயமான அவுரியின் தொட்டியிலிருந்து எடுத்த பின் மறுபடியும் என்று, பதினான்கு முதல் பதினாறு நிலைகள் கொண்ட அந்தத் தொழிலில் தண்ணீர் தொடாத நிலை மிகச் சிலவே.

அச்சிடும் கூடத்தில் கடுக்காய் நீரில் தோய்த்து உலர்த்திய துணி இளமஞ்சளாக விரிக்கப்பட்டிருந்தது. இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு பல நாள் புளிக்கவிட்டு, புளியங்கொட்டைப் பொடியிட்டுக் கெட்டியாக்கிய குழம்பில் கட்டையைத் தோய்த்து, முதிய கைவினைஞர் ஒருவர் அதன் முதுகில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்தித்த இடத்தில் கோடு கறுத்தது. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் சேர்த்து எழுதும் மை செய்ததும் இதே வினையால்தான் என்பது நினைவுக்கு வர, முன்பின் அறியாத ஊரில் உறவினர் ஒருவரைக் கண்டாற்போல் இருந்தது. சிவப்பு இன்னும் வியப்பானது: படிகாரக் குழம்பால் அச்சிட்ட இடத்தில் அச்சிடும்போது அந்தச் சிவப்பு தெரிவதே இல்லை, சாயக் கொப்பரையில் துணி கொதிக்கும்போதுதான் மெல்ல மேலெழுகிறது.

இந்த வேதியியலே அவர்களைப் பழைய ஊரிலிருந்து பெயர்த்தது என்பதை அன்றுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். சிந்துப் பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் கச்சு மன்னரின் அழைப்பை ஏற்று வந்த இவர்களின் முன்னோர், சாரண் ஆற்றின் நீரை நம்பியே தமட்கா என்ற ஊரில் குடியேறினார்கள். காலப்போக்கில் ஆறு வற்றியது. 2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த நிலநடுக்கம் ஊரைச் சிதைத்ததோடு, அதன் பின் நிலத்தடி நீரில் இரும்பும் மிகுந்தது. கோட்டில் மட்டும் வர வேண்டிய கறுமை துணி முழுவதும் படர்ந்து நிறங்களை மங்கவைக்குமானால் அந்த ஊரில் எப்படித் தொழில் நடக்கும்? நல்ல நீர் தேடிப் பல குடும்பங்கள் உருவாக்கிய புதிய ஊர்தான் அஜ்ரக்பூர். அந்த முயற்சியில் முன்நின்ற இஸ்மாயில் முகம்மது கத்ரிக்கு 2003இல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. அவருடைய தந்தை முகம்மது சித்திக், செயற்கைச் சாயங்கள் கோலோச்சிய 1970களில் இயற்கைச் சாய முறையை மீட்டெடுத்தவர். மீட்டெடுப்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டு தலைமுறைக்குள் ஒரு முறை சாயத்தையும் ஒரு முறை ஊரையும் அவர்கள் மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

விஜயவாடாவிலிருந்து:

நீங்கள் தண்ணீரைப் பற்றி எழுதியது பெடனாவை நினைவூட்டியது. மசூலிப்பட்டினத்திற்கு அருகிலுள்ள அந்த ஊரின் துணியும் கலம்காரி என்றே அழைக்கப்பட்டாலும், காளஹஸ்தியில் உள்ளதுபோல் எழுதுகோலால் வரைவதில்லை. தேக்குக் கட்டைகளால் அச்சிடுகிறார்கள். அங்கும் கடுக்காய்தான் தொடக்கம். ஓடும் நீரில் துணியை விரித்துப் பிடித்து அலசினால்தான் உதிரும் சாயம் பக்கத்துப் பூவில் ஒட்டாமல் போகும் என்பதால், காலையிலேயே கால்வாயில் இடுப்பளவு நீரில் இறங்கி நிற்கிறார்கள். அங்கே எனக்கு வருத்தம் தந்த காட்சியும் உண்டு. அதே பூவேலையைத் திரை அச்சில் விரைவாக இறக்கும் கூடங்களும் அருகிலேயே இருக்கின்றன. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படும்போது, நீரில் நிற்பவரின் கூலியைத்தான் அது குறைக்கிறது.

சென்னையிலிருந்து:

நான் ஏமாந்திருக்கிறேன். கை அச்சு என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த புடவையை வீட்டில் விரித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பூவும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோலவே இருந்தது; மறுபுறமோ ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. கட்டையால் இட்டதென்றால் ஒரு கட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மயிரிழை விலகலாவது எங்கேனும் தெரியும். தொட்டியில் தோய்த்த சாயம் நூலுக்குள் ஊறி மறுபக்கத்திலும் தெரியும். இப்போது துணியைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து, மீண்டும்:

இந்தத் துணி உருவாக ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விடை அதன் பெயரிலேயே இருக்கிறது. அஜ்ரக் என்ற சொல்லுக்கு நீலத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லை மூலமாகச் சொல்வதுண்டு. ஆனால் அங்குள்ளவர்கள் விரும்பிச் சொல்லும் பொருள், "இன்றைக்கு இருக்கட்டும்" என்பது. ஒவ்வொரு நிலைக்குப் பிறகும் துணியை வெயிலில் கிடக்க விட வேண்டும். அவசரப்பட்டால் நிறம் பிடிக்காது. நான் செய்து தரச் சொல்லிவிட்டு வந்த துப்பட்டா இன்னும் வந்து சேரவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் அவுரி ஏற்றிய துணி உலரவில்லை என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்கள். வெயில் வரட்டும் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.