அடியில் ஓட்டையில்லாத பீங்கான் தொட்டி: துளை போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. பரிசாக வந்த பீங்கான் தொட்டி, அடியில் ஓட்டை கிடையாது. அழகில் மயங்கி மணி பிளான்ட்டை நேரடியாக அதிலேயே நட்டுவிட்டேன். அடியில் 2 அங்குலத்துக்குக் கூழாங்கல் போட்டால் போதும் என்று நம்பியது என் தப்பு. தண்ணீர் வெளியேற வழியில்லையே! ஈரம் கல்லுக்கு மேலே உள்ள மண்ணிலேயே, வேருக்கு இன்னும் பக்கத்தில் தங்கிவிடுகிறது.

மேல்மண் காய்ந்த மாதிரிதான் இருந்தது. அடி இலைகள் மஞ்சளானதும் ஒரு குச்சியை ஆழமாக விட்டுப் பார்த்தேன். சேறு அப்பிக்கொண்டு வந்தது, சாக்கடை நாற்றம் வேறு. செடியை எடுத்தால் பாதி வேர் பழுப்பு. தொட்டதும் தோல் கழன்று நூல் மாதிரி நின்றது. அழுகியதை வெட்டிவிட்டு, நல்ல கொடியைக் கணுவோடு தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு இதற்குள் இறக்கிவைக்கலாம், சரி. ஆனால் இதற்கு வாய் குறுகல், வயிறு அகலம், எதுவும் இறங்கவில்லை.

டிரில்லில் டைமண்ட் பிட் (வைரத்தூள் பதித்த துளையிடும் முனை) மாட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளையிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விரிசல் விடாமல் வந்ததா? எத்தனை மில்லிமீட்டர் ஓட்டை போட்டீர்கள்? தயவுசெய்து ஆணியும் சுத்தியலும் என்று சொல்லாதீர்கள், அந்த யோசனை வீட்டிலேயே வந்துவிட்டது.