மெர்ஸ் பரவிய நாள்களில் சவூதியில் இருந்தவர்கள் எழுதுகிறோம்

ஜித்தா, டயாலிசிஸ் செவிலியர்:

ஒட்டகத்திலிருந்து மனிதருக்கு வரும் மெர்ஸ் என்ற நுரையீரல் வைரஸ் நோய் 2014 ஏப்ரலில் ஜித்தாவில் வேகமெடுத்தபோது அங்கே ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்தேன். "ஒட்டகத்தின் பக்கம் போய்விடாதே" என்று அம்மா போனில் அழுதார். நாங்கள் ஒட்டகத்தைப் பார்த்ததெல்லாம் நெடுஞ்சாலை எச்சரிக்கைப் பலகையில்தான். நோய் எங்களிடம் வந்தது நோயாளிகள் வழியாக.

சிறுநீரகம் பழுதான முதியவருக்கு மூச்சு வாங்கினால், உடம்பில் நீர் கோத்துவிட்டது என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். சிலருக்குக் காய்ச்சலே இருக்காது. கூடுதலாக நீரை எடுத்துப் பார்ப்போம், மூச்சுத் திணறல் குறையாது. அதற்குள் பக்கத்துப் படுக்கைக்காரர் நான்கு மணி நேரம் அதே காற்றைச் சுவாசித்து முடித்திருப்பார். முந்தைய ஆண்டு கிழக்குச் சவூதியின் அல் அஹ்ஸாவிலும் டயாலிசிஸ் பிரிவில்தான் பலருக்குத் தொற்றியது.

எங்கள் முதியவர் ஒருவருக்குத் தொண்டையில் எடுத்த மாதிரியில் தொற்று இல்லை என்று வந்ததால் தனியறையிலிருந்து பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இந்த வைரஸ் நுரையீரலின் ஆழத்தில் குடியிருப்பது; தொண்டையில் அகப்படாமல் போகும். செயற்கைச் சுவாசக் குழாய் போட்டு, உள்ளிருந்து உறிஞ்சிய சளியில்தான் தெரிந்தது. குழாய் போடும்போது சாதாரண முகக்கவசத்தோடு அறையில் நின்றவர்களின் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகலாம், தனித்திருங்கள் என்றார்கள். ஒரே அறையில் நான்கு பேர் தங்கும் விடுதியில் எங்கே தனித்திருப்பது? எனக்கு எதுவும் வரவில்லை. என் அறைத்தோழிக்கு வந்தது, பிழைத்துக்கொண்டார். முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்து என்-95 கவசம் கொடுத்தது அதற்குப் பிறகுதான். அந்த நிர்வாகத்தின் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

ராமநாதபுரம், முன்னாள் ஒட்டகப் பண்ணைத் தொழிலாளி:

அக்கா, நான் ரியாத்துக்கு வெளியே ஒரு மஸ்ராவில், அதாவது பண்ணையில், இருந்தவன். ஒட்டகக் கன்றுகளுக்கு அவ்வப்போது மூக்கு ஒழுகும், தானாகவே சரியாகிவிடும். அதை யாரும் நோயாக நினைத்ததில்லை. மனிதரிடம் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 2012-இல். ஆனால் 1983-இல் எடுத்து வைத்திருந்த ஒட்டக இரத்தத்திலேயே இதற்கான எதிர்ப்புப் பொருள் இருந்ததாகப் பின்னால் படித்தேன். வந்தவர்களுக்குக் கறந்த சூட்டோடு பால் கொடுப்பது அங்கே உபசாரம். வேண்டாம் என்றால் கஃபீலின் (நம்மை வேலைக்கு எடுத்த முதலாளியின்) முகம் மாறும்.

மாதிரி எடுக்க அதிகாரிகள் வந்தபோது ஒட்டகத்தின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டது நாங்கள்தான். ஒட்டகத்தின் மூக்கில் மட்டும் குச்சியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எங்களுக்கு இருமல் என்றால் பனடால் (பாராசிட்டமால்) மாத்திரைதான். மேய்ப்பவர்களில் லேசாக வந்து போனவர்கள் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

மேலப்பாளையம்:

வாப்பா அடுத்த மாதம் மக்காவுக்கு உம்ரா பயணம் போகிறார். சர்க்கரை நோய் உண்டு. அவ்வளவு கூட்டத்தில் பயமில்லையா அக்கா?

ஜித்தா, டயாலிசிஸ் செவிலியர்:

தம்பி, இதுவரை உலகம் முழுக்க நோய் உறுதியானவர்கள் சுமார் 2,600 பேர்தான். ஆனால் அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பண்ணைத் தம்பி சொல்வதுபோல் லேசாக வந்தவர்கள் விடுபட்டிருந்தால் உண்மை விகிதம் குறைவாக இருக்கலாம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களைத்தான் கடுமையாகத் தாக்குகிறது. அத்தனை ஹஜ்ஜுகளிலும் பெரும் கொள்ளைநோயாக இது வெடித்ததில்லை. கடைத்தெருவில் எளிதாகத் தொற்றும் வகையல்ல இது.

தென் கொரியாவில் 2015-இல் நடந்ததைப் பாருங்கள். வளைகுடா போய் வந்த ஒருவர், என்ன நோய் என்று தெரியாமலே பல மருத்துவமனைகளுக்கு அலைந்தார். அதிலிருந்து தொடங்கி 186 பேருக்குத் தொற்று, 38 பேர் மரணம். சியோலின் ஓர் அவசரப் பிரிவில் ஒரே நோயாளியிடமிருந்து 80-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது.

வாப்பாவிடம் சொல்லுங்கள்: ஒட்டகப் பண்ணைச் சுற்றுலா வேண்டாம், காய்ச்சாத ஒட்டகப் பால் வேண்டாம், அவசியமில்லாமல் அங்கே மருத்துவமனைகளுக்குப் போக வேண்டாம். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால், கிளினிக்கில் வரிசையில் உட்காருவதற்கு முன்பே "சவூதி போய் வந்தேன்" என்று சொல்லட்டும். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல இடங்களில் கேட்பதே இல்லை.