பொங்கல் முடிஞ்சு கார்பெட் புலிக்காட்டுக்குப் போகலாமா, ஏப்ரல் வரை பொறுக்கலாமா?

ஆர்கேபுரம்வாசி:
பொங்கலுக்கு அடுத்த வாரம் லீவு போட்டிருக்கேன். உத்தரகாண்ட் கார்பெட் காட்டுக்குள்ள இருக்கிற டிக்காலா வன விடுதியில ஒரு ராத்திரிக்கு அறை காட்டுது. புத்தாண்டுக் கூட்டமும் ஓஞ்சிருக்கும். கூட எழுபது வயசு அப்பா, எட்டு வயசுப் பொண்ணு. ஆபீஸ்ல எல்லாரும் இந்தக் குளிர்ல புலி கிடைக்காது, காசுக்குக் கேடுங்கறாங்க. போனவங்க சொல்லுங்க.

ஜனக்புரி குமார்:
சரியாத்தான் சொல்றாங்க. ஏப்ரல், மேயில ஓடையெல்லாம் வத்திடும், புலி தண்ணி தேடி வந்துதான் ஆகணும். ராம்கங்கா நீர்த்தேக்கம் உள்வாங்கி, கரையில புதுப்புல் முளைக்கும். யானைங்க குட்டியோட கூட்டங்கூட்டமா இறங்கும். தை மாசம் என்ன இருக்கு? நான் போனப்ப ஒன்பதரை வரைக்கும் பனி. ஜிப்சிக்கு (காட்டுக்குள்ள சுத்தற திறந்த ஜீப்) முன்னாடி நிக்கிற மான்கூடத் தெரியல.

மயூர்விஹார் மாமி:
மே மாசம் நாங்களும் போயிருக்கோம் குமார். யானை பார்த்தது வாஸ்தவம். ஆனா அந்த வெயில்ல திறந்த ஜிப்சியில எங்காத்து மாமாவுக்குத் தலைசுத்தல் வந்து, அன்னிக்கு சாயங்காலம் அறையை விட்டே கிளம்பலை. எழுபது வயசுக்காரரை அதுக்கா அனுப்பறேள்? ஜனவரியில மத்தியானத்துக்கு மேல வெயில் சுகமா இருக்கும். கரியாலும் (நீள மூக்கு முதலை) மத்த முதலையும் உடம்பைச் சூடாக்கிக்க மணல் திட்டுல ஏறிப் படுத்துண்டிருக்கும். சுர்காப்ங்கற ஆரஞ்சு நிற வாத்தெல்லாம் குளிர் காலத்துக்குத்தான் வரது. நீங்க போற மே மாசத்துல அது லடாக், திபெத் பக்கம் திரும்பிடும்.

ஜனக்புரி குமார்:
முதலை பார்க்க மகாபலிபுரம் ரோட்டு முதலைப் பண்ணை போதுமே மாமி. அங்க கரியாலும் இருக்கு. 1973-ல புலிகள் திட்டம் தொடங்கின காடு இது, வாத்து பார்க்கவா போறது? போற வழியில கட்முக்தேஷ்வர் தாண்டினா ரோட்டுலயும் பனி.

லோதிகாலனி பையன்:
ரோடு வேண்டாம், பழைய தில்லியில ராத்திரி ரயில் ஏறினா காலையில காட்டு வாசல் ஊரான ராம்நகர். (பனியில அதுவும் லேட்டாகும், மறைக்கல.) ஆனா ரெண்டு பேரும் விஷயத்தை விட்டுட்டீங்க. ஒரு ராத்திரின்னா ஜிப்சியில ரெண்டே சுத்துதான்: வந்த நாள் சாயங்காலம், மறுநாள் காலை. அந்தக் காலையைப் பனி தின்னுட்டா குமார் அண்ணன் ஜெயிச்சிடுவார். ரெண்டு ராத்திரி போடுங்க. டிக்காலாவுல பகல்ல மட்டும் போய் வர்றவங்களுக்கு ஜிப்சி கிடையாது, கேன்டர்ங்கற பெரிய திறந்த பஸ்தான், அதனால தங்கறதை மட்டும் விட்டுடாதீங்க. பனியில வண்டியை அணைச்சுட்டு உக்காந்தா புள்ளிமான் எச்சரிக்கைக் குரல் எங்கிருந்து வருதுன்னு தெளிவாக் கேக்கும். நான் பார்த்த ஒரே புலி அப்படிக் கிடைச்சதுதான், ஜனவரியில.

ஜனக்புரி குமார்:
ஒரே புலி! நான் ஒரே மே மாசத்துல மூணு.

மயூர்விஹார் மாமி:
தலைசுத்தல் வராத வயசு, பாக்கறேள். டிக்காலாவுல சைவச் சாப்பாடுதான், அது எங்களுக்கு சௌகரியம். கனமான கம்பளி ஒண்ணு எடுத்துக்கோங்கோ, விடியற்காலை ஜிப்சியில காத்து முகத்தை அறுக்கும்.

ஆர்கேபுரம்வாசி:
ரெண்டாவது ராத்திரி டிக்காலாவுல கிடைக்கல, அதே காட்டோட இன்னொரு பகுதியான பிஜ்ரானியில கிடைச்சது, போட்டுட்டேன். குமார் சார், ஏப்ரல்ல பொண்ணுக்குப் புது வகுப்பு ஆரம்பம், மேயில அப்பாவை அந்த வெயிலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். அப்பா குரங்குக் குல்லாயை இன்னிக்கே வெயில்ல காயப்போட்டுட்டார்.

ஜனக்புரி குமார்:
போய்ட்டு வாங்க. புலி கிடைக்கலன்னாலும் இங்க வந்து உண்மையைச் சொல்லணும்.