அம்மாவுக்கு கீமோ தொடங்கப்போகிறது: 4 வயசுக்கும் 8 வயசுக்கும் என்ன சொல்வது?

தெற்குவாசல்:
மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, காயத்து நீர் வடிய வைத்த டிரெயின் குழாயும் எடுத்தாச்சு. அடுத்த வாரம் கீமோ. முதல் 4 தடவை ஏசி (AC) என்கிற இரண்டு மருந்துக் கூட்டு, 3 வாரத்துக்கு ஒன்று. மகளுக்கு 8 வயசு, மகனுக்கு 4. இதுவரை "அம்மாவுக்கு வயித்துவலி" என்றே சொல்லி வைத்திருக்கிறோம். சொல்லவே வேண்டாம், ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்கிறார் மாமியார். நான் போன் பேசினால் மகள் கதவோரம் வந்து நிற்கிறாள். என்ன சொல்வது? மருந்து ஏறியபின் பிள்ளைகள் கட்டிப்பிடிக்கலாமா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா?

மழலைமனம்:
முதலில் அந்த வயித்துவலியைத் திருத்துங்கள். நாளைக்கு மகனுக்கே வயிறு வலித்தால் தன்னையும் வெட்டுவார்கள் என்று நடுங்குவான். கேன்சர் என்ற பெயரையே சொல்லுங்கள். எதிர்வீட்டுக்காரர் வாயிலிருந்து வருவதற்குள் உங்கள் வாயிலிருந்து வரட்டும். கதவோரம் நிற்கிற பிள்ளை பாதியைக் கேட்டு மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். அது நிரப்புவது பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

சாயங்காலம், 5 நிமிஷம் போதும். படுக்கப்போகும் நேரமும் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் வேண்டாம். "அம்மா மார்ல ஒரு கட்டி வந்துச்சு, அதுக்குப் பேரு கேன்சர். டாக்டர் எடுத்துட்டாங்க. கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருந்தா அழிக்கறதுக்கு மருந்து ஏத்துவாங்க. மருந்து கடுமை, அதனால அம்மா அசதியா இருப்பாங்க, முடி கொட்டும்." கூடவே மூன்று விஷயம் தவறாமல் சொல்லுங்கள்: நீ செய்த எதனாலும் இது வரவில்லை, தொட்டால் ஒட்டாது, உன்னை யார் குளிப்பாட்டி யார் பள்ளிக்கு விடுவார்கள் என்பது. 4 வயசுக்கு மூன்றாவதுதான் பெரிய கேள்வி.

அவன் கேட்டுவிட்டு "பிஸ்கட் வேணும்" என்பான். நாளை அதையே பத்துமுறை கேட்பான். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தையில் பதில் சொல்லுங்கள். மகளிடம் தனியாக இன்னொரு முறை பேசுங்கள். "அம்மா செத்துடுவாங்களா?" என்று கேட்டால் "ஒண்ணும் ஆகாது" என்று சத்தியம் செய்யாதீர்கள். "குணமாகத்தான் மருந்து குடுக்கறாங்க. டாக்டர் புதுசா ஏதாவது சொன்னா உன்கிட்ட மறைக்க மாட்டேன்" என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

உறவினர்கள் வாயையும் கவனியுங்கள். "அம்மாவைப் படுத்தாதே, இன்னும் முடியாமப் போயிடும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அடுத்த வாந்திக்கு அந்தப் பிள்ளை தன்னையே பழி சொல்லிக்கொள்ளும்.

சலைன்_ஸ்டாண்ட்:
கீமோ பக்கத்து விவரங்களை மட்டும் சொல்கிறேன். கட்டிப்பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். ஆபரேஷன் ஆன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்காரவைத்து நடுவில் ஒரு தலையணை. சர்ஜன் சரி சொல்லும்வரை மகனைத் தூக்கக்கூடாது. "இடுப்புல தூக்க முடியாது, மடியில வா" என்று காரணத்தோடு சொன்னால் அவனுக்குப் புரியும்.

ஏசியில் ஒரு மருந்து, டாக்ஸோரூபிசின், பார்க்கவே சிவப்பு. ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளைகள் ரத்தம் என்று அலறுவார்கள். முதல் 48 மணி நேரம் முடிந்தால் அவருக்குத் தனிக் கழிப்பறை. இல்லையென்றால் மூடியை மூடி இரண்டுமுறை ஃப்ளஷ், பிறகு சோப்பில் கை கழுவுதல். வாந்தியைப் பெரியவர்கள் கையுறை போட்டுத் துடைக்க வேண்டும், அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

பெரும்பாலும் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு குறைந்திருக்கும். அப்போது பிள்ளைகளுக்குச் சளி இருந்தால் மாஸ்க், தனிப் படுக்கை. அம்மைபோட்ட பிள்ளையோடு விளையாடிவிட்டு வந்தால் அன்றே கேன்சர் டாக்டருக்குச் சொல்லுங்கள். மனைவிக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

பலர் கோட்டைவிடுவது போலியோ முகாம். மகன் 5 வயசுக்குள் இருப்பதால் சொட்டு மருந்துக்குக் கூப்பிடுவார்கள். அது உயிருள்ள கிருமி, அவன் மலத்தில் சில வாரம் வெளியேறும். முகாமுக்குப் போகுமுன் குழந்தை டாக்டரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லி, ஊசியாகப் போடுவது பற்றிக் கேளுங்கள்.

நாட்காட்டி:
பிள்ளைகளுக்கும் ஏதாவது உதவி வேலை கொடுங்கள், ஆனால் அது சின்னதாக, முடிவு தெரிகிற மாதிரி இருக்கட்டும். மாதக் காலண்டரை மகள் உயரத்துக்கு மாட்டி, கீமோ நாளுக்குச் சிவப்பு, அசதி நாட்களுக்கு மஞ்சள், விளையாட முடிகிற நாட்களுக்குப் பச்சை. நிறம் அடிப்பது அவள் பொறுப்பு. மகன் தண்ணீர் பாட்டிலைக் கட்டிலருகே கொண்டுவந்து வைக்கலாம். மாத்திரை கொடுப்பதும் இரவில் "அம்மாவைப் பாத்துக்கோ" என்று காவல் வைப்பதும் கூடவே கூடாது.

முடி 2, 3 வாரத்தில் கொட்டத் தொடங்கும். அதற்கு முன், சுமார் 10ஆம் நாள், கிராப் வெட்டிவிடுங்கள். மனைவி சம்மதித்தால் ஒரு கற்றையை மகள் வெட்டட்டும். நம் பிள்ளைகளுக்கு மொட்டை புதிதில்லை என்பது ஒரு வசதி. ஆனால் வேண்டுதல் மொட்டை என்று மட்டும் கதை கட்டாதீர்கள். அப்புறம் அடுத்த கீமோவுக்குச் சாமிமேல் கோபம் வரும்.

வகுப்பு டீச்சரிடம் நோயை மட்டும் சொல்லாமல், பிள்ளைக்கு எந்த அளவு தெரியும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

சலைன்_ஸ்டாண்ட்:
கீமோ நாளில் கூட்டிப்போவதை நான் தவிர்ப்பேன். முழுநாள் காத்திருப்பு, பக்கத்து நாற்காலியில் யாராவது வாந்தி எடுப்பார்கள். மருந்து ஏற்றாத நாளில் சிஸ்டரிடம் அனுமதி கேட்டு 10 நிமிஷம் அந்த நாற்காலியையும் சலைன் கம்பியையும் காட்டலாம். பல இடங்களில் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அப்படியானால் போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். மகள் வர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

தெற்குவாசல்:
நன்றி. மாமியாரை எப்படிச் சமாளிப்பது? மகன் இரண்டு நாளாகப் படுக்கையை நனைக்கிறான்.

மழலைமனம்:
இந்த நேரத்தில் அப்படி நடக்கும். திட்டாமல் ரப்பர் ஷீட் விரித்துவிடுங்கள். சில வாரம் கடந்தும் நிற்காவிட்டாலோ, மகள் சாப்பிடவோ தூங்கவோ மறுத்தாலோ உங்கள் ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி எண்) மூலமும் தமிழில் பேசலாம், இலவசம். மாமியாரிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள்: தினமும் ராத்திரி அதே நேரத்துக்குச் சோறு ஊட்டிக் கதை சொல்வது. ஊருக்கு அனுப்பும் பேச்சு அதில் பெரும்பாலும் அடங்கிவிடும்.