தேங்காய் உரிக்கும் கருவி: பழைய காப்புரிமை விண்ணப்பங்களைத் தேடுவது எப்படி?

பொள்ளாச்சிக்காரன்: பெடலை மிதித்தால் மட்டை பிளக்கும்படி ஒன்று செய்திருக்கிறேன். முன்பே யாராவது செய்தார்களா என்று கூகுள் பேட்டன்ட்ஸில் ‘கோகோனட் பீலர்’ என்று தேடினால் காய்கறித் தோல் சீவியாக வந்து கொட்டுகிறது. எப்படி வடிகட்டுவது?

மெக்கானிக்கல்_வேலு: வார்த்தையை நம்பாதீங்க தம்பி. ‘டிஹஸ்கிங்’ (மட்டை உரித்தல்) என்று எழுதியிருப்பார்கள். வக்கீல் கைவண்ணம் என்றால் அதுவும் இருக்காது. ஏ23என் 5/00 என்ற வகைப்பாட்டுக் குறியீட்டைப் போடுங்கள். கொட்டை உரிக்கும், உடைக்கும் இயந்திரங்கள் அதில்தான்.

நிலா: இந்திய விண்ணப்பங்களுக்கு இன்பாஸ் தளம் இருக்கிறது, இலவசம். ஆனால் விண்ணப்பம் வெளியாகச் சாதாரணமாக 18 மாதம் ஆகும். போன மாதம் போட்டது எதிலும் சிக்காது.

பொள்ளாச்சிக்காரன்: குறியீடு வேலை செய்கிறது அண்ணே! மிதி மாடலே வந்துவிட்டது. உரிமைக்கோரலில் (எதற்கு உரிமை வேண்டும் என்று எழுதும் பகுதி) பெடல் இல்லை, படத்தில் மட்டும்தான். தப்பித்தேனா?

மெக்கானிக்கல்_வேலு: இல்லை. படத்தில் தெளிவாக இருந்தாலே உங்கள் கருவியின் புதுமை போச்சு; புதுமை இல்லாமல் காப்புரிமை இல்லை.